முறையீடும் பக்தியும்: திருமுருகன்பூண்டிக் கல்தச்சர்கள்

தெய்வத் திருவுருவைச் செய்பவர் தம் தொழிலின் குறைகளை ஊரறியச் சொல்லலாமா, சொன்னால் அது பக்திக்கு இழுக்கா என்ற கேள்வி கோயிலைச் சார்ந்த எல்லாக் கலைகளிலும் உண்டு. நாகசுரக்காரர், ஓதுவார், தேர்த்தச்சர், பாவைக்கூத்துக்காரர் என்று யாரை எடுத்தாலும், "சாமி காரியத்துல கணக்குப் பார்க்கலாமா?" என்ற பேச்சுக்கு முன்னால் ஒரு முறையாவது வாயடைத்து நின்றிருப்பார். திருப்பூருக்கும் அவிநாசிக்கும் நடுவே உள்ள திருமுருகன்பூண்டியில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் இருக்கிறது. சாலையோரம் கற்சிற்பப் பட்டறைகள் நிறைந்த ஊர் அது. இறைவனிடமே வெளிப்படையாகக் குறை சொல்லிப் பாடிய தேவாரப் பதிகம் ஒன்றுக்கு உரிய தலமும் அதுவே.

பூண்டிப் பட்டறைகளில் உருவாகும் சிலைகள் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கும், மலேசியா, சிங்கப்பூர் போன்று தமிழர் குடியேறிய நாடுகளின் கோயில்களுக்கும் போகின்றன. பட்டறைக்குக் கல் வந்து இறங்கியதும் முதல் வேலை அதைத் தட்டிப் பார்ப்பது. வெண்கல மணிபோலக் கணீரென்று ஒலித்தால் ஆண்கல். தாளம்போல மெல்லிய இனிய ஒலி வந்தால் பெண்கல். ஓசையே எழாமல் மொத்தென்று இருந்தால் சிற்ப நூல்கள் அலிக்கல் என்று சொல்லும் வகை. தேவனுக்கு ஆண்கல், தேவிக்கும் ஆவுடையாருக்கும் பெண்கல், பீடத்துக்கு மூன்றாவது வகை என்பது வழக்கம். அடுத்து காவிக்கட்டியால் கோடு போட்டுத் தால அளவுப்படி உருவத்தைப் பிரிப்பார்கள். பிள்ளையாருக்கு ஐந்து தாலம். சிவன், திருமால் போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தச தாலம், அதாவது மொத்த உயரம் 124 அங்குலம். இந்த அங்குலம் டேப்பில் உள்ள அங்குலம் இல்லை. சிலையின் உயரத்தையே பங்கிட்டுப் பெறுவது. ஒரு சாண் சிலைக்கும் பத்தடிச் சிலைக்கும் கணக்கு ஒன்றுதான்.

கோடு போட்டபின் வேண்டாத கல்லைக் கழிக்கும் வேலை தொடங்கும். முன்பு இது முழுக்க உளியும் சுத்தியலும் செய்த வேலை. இப்போது பெரும்பகுதி கட்டரும் கிரைண்டரும் செய்கின்றன. உளி கல்லைச் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும், சில்லு காலடியில் விழும். கட்டரின் வைரப்பல் கல்லை மாவாக அரைக்கும், மாவு காற்றில் நிற்கும். கைக்கும் தோளுக்கும் ஓய்வு கொடுத்த கருவி நுரையீரலுக்கு வேலை வைத்துவிட்டது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும். ஆனால் காவிக்கோடு அழிந்துபோகும். மின்கருவியும் ஈரமும் சேர்ந்தால் ஷாக் அடிக்குமோ என்ற பயம் வேறு. ஆகவே பல இடங்களில் மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டுதான் பாதுகாப்பு. சாயங்காலம் அதை உதறும்போது எழும் வெள்ளைப் புகையைப் பார்த்தாலே அது எவ்வளவு பிடித்தது என்று தெரியும். எவ்வளவு விட்டது என்பது அப்படித் தெரிவதில்லை.

புவியியல் வரையறைப்படி கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா, இருக்கும். அதை உலர்நிலையில் அரைக்கும்போது எழும் தூசியில் 10 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் மூக்கும் தொண்டையும் தடுக்காமல் நுரையீரலின் ஆழம் வரை போகும். அங்கே தழும்பு விழும், தழும்பு பரவும், மூச்சு குறையும். சிலிக்கோசிஸ் எனப்படும் இந்த நோய்க்கு மருந்து இல்லை. வேலையை விட்டபின்னும் அது நிற்பதில்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பையும் கூட்டும். படிகச் சிலிக்காத் தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய்களுள் சிலிக்கோசிஸும் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் பொருந்தியது. 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு அந்த எல்லையை 20 பேருக்கு உயர்த்தியது. ஸ்தபதியும் நாலைந்து ஆட்களுமாக நடக்கும் பட்டறை இரண்டு கணக்கிலும் வராது.

மற்ற குறைகள் இதைவிடப் பழகியவை. சிலைக்கு அச்சாரம் வாங்கியபின் பாக்கித் தொகை திருப்பணிக் குழுவின் வசூலைப் பொறுத்தே வரும். கும்பாபிஷேக நாள் மட்டும் தள்ளாது. கல் வெட்டி எடுக்க அனுமதிக் கட்டணமும் வண்டி வாடகையும் ஏறுகின்றன. கை பழகப் பல வருடங்கள் வேண்டும். பக்கத்துப் பனியன் கம்பெனியில் சேர்ந்த பையனோ சில மாதங்களில் டைலராகி, சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவரோடு வீடு திரும்புகிறான். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நகரத்தின் வாசலில் உட்கார்ந்து, ஒரு விரல் நகத்தைச் செதுக்க அரை நாள் எடுத்துக்கொள்ளும் தொழில் இது. பிள்ளைகள் எந்தப் பக்கம் போவார்கள் என்பதில் வியப்பில்லை.

இவற்றை வாய்விட்டுப் பேசுவதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் லேசானவை அல்ல. முதலாவது, இது தொண்டு என்பது. தியான சுலோகத்தை மனத்தில் நிறுத்தி, விரதம் இருந்து, உருவத்தைக் கல்லிலிருந்து வெளிக்கொணர்பவர் கூலிக்காரர் அல்லர்; தன் பெயரையும் தன் வலியையும் அழித்துக்கொள்வதே அந்த வேலையின் ஒழுக்கம் என்று சொல்வார்கள். பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்ற கீதையின் போதனையும் கூடவே வரும். இரண்டாவது, திருவுருவத்தின் புனிதம். கருவறையில் தீபாராதனை காட்டும்போது பக்தருக்குச் செதுக்கியவரின் இருமல் நினைவுக்கு வந்தால் வழிபாடு என்னாவது? மூன்றாவது வாதம் பக்தியோடு சம்பந்தமில்லாதது, ஆனால் அதிகம் பலிப்பது: வெளியே சொன்னால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும்.

மூன்றாவதைத் திருப்பூர் நன்றாக அறியும். பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 1984-இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தபோதும், சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததை விவசாயிகள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனபோதும், இளம்பெண்களை ஒப்பந்தத்தில் வைத்து வேலை வாங்கிய நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டம் பற்றி ஐரோப்பிய அமைப்புகள் 2011-இல் அறிக்கை வெளியிட்டபோதும் அதே எச்சரிக்கைதான் எழுந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே முடிந்தது என்று பேசினார்கள். கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டோடு பட்டறைகள் மீண்டும் திறந்தன, ஏற்றுமதியும் வளர்ந்தது. சாயத்தின் கதையை 'சாயத்திரை' என்று நாவலாக எழுதிய சுப்ரபாரதிமணியன் திருப்பூர்க்காரர்தான். பேசியதால் நஷ்டம் வரவே வராது என்பதற்கு இது அத்தாட்சி ஆகாது. சிறு சாயப்பட்டறைகள் பல திரும்ப எழவேயில்லை. ஆனால் பேசினால் ஊர் அழியும் என்ற கணிப்பு ஒருமுறை சோதிக்கப்பட்டுப் பொய்த்தது என்பதும் உண்மை.

முதல் இரண்டு வாதங்களும் சமயத்தின் பெயரால் சொல்லப்படுபவை. ஆகவே அவற்றைச் சமய மரபில் வைத்தே பார்க்கவேண்டும். கொங்கு நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் ஏழில் அவிநாசியும் பூண்டியும் இரண்டு. இரண்டிலும் வருபவர் சுந்தரர். சேரமான் பெருமாளிடம் பொன்னும் பொருளும் பெற்று அவர் ஆரூருக்குத் திரும்பும் வழியில், பூண்டியில் வேடர்கள் மறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள் என்று பெரியபுராணம் சொல்கிறது. சுந்தரர் நேரே கோயிலுக்குப் போய்ப் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் 49-ஆவதாக இருக்கிறது. புகழ்ச்சியை எதிர்பார்த்து அதைப் படிப்பவர் திகைத்துப்போவார். வழிப்பறி, அடி உதை, துணியைக்கூட உருவிக்கொள்ளும் கொடுமை என்று ஊரின் சீர்கேட்டை அடுக்கிக்கொண்டே போய், இப்படிப்பட்ட இடத்தில் உமக்கு என்ன வேலை என்று இறைவனையே நிறுத்திக் கேட்கிறது. தன் பொன் போனதைப் பற்றிய பேச்சைவிட, அந்த வழியே போகிறவர்கள் எல்லோரும் படும் பாடே அதில் நிறைந்திருக்கிறது. ஒருவருடைய இழப்பு ஊரின் வழக்காக மாறிவிடுகிறது.

பெரியபுராணத்தின்படி அந்த வேடர்கள் உண்மையில் சிவனுடைய பூதகணங்கள்; பறிக்கச் சொன்னவரும் சிவனே. யாரிடம் முறையிட்டாரோ அவரே அதற்குப் பொறுப்பாளி. பாடி முடித்ததும் பொருள்கள் கோயில் வாசலில் குவிந்தன. பறிகொடுத்த பொருள் இருக்கும் இடத்தைக் கூப்பிட்டுக் காட்டியவர் என்ற ஊர்க்கதையோடு, பக்கத்தில் கூப்பிடு பிள்ளையார் கோயிலும் இருக்கிறது. இறைவன் சினந்தார் என்றோ, பாடியவர் பிராயச்சித்தம் செய்தார் என்றோ யாரும் எழுதவில்லை. அந்தக் குற்றச்சாட்டு மறைக்கப்படவும் இல்லை. அதுவே தலத்தின் தேவாரமாகி, இன்றும் அந்தச் சன்னிதியில் ஓதப்படுகிறது. ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: வேடர்களின் குலத்தையும் உணவையும் பற்றிப் பதிகம் பேசும் தொனி இன்றைய காதுக்கு உறுத்தும். நியாயமான முறையீட்டிலும் பிறரைப் பற்றிய இளக்காரம் ஒட்டிக்கொண்டு வரக்கூடும் என்பதற்கு அதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

சுந்தரர் தம்பிரான் தோழர், தோழனுக்கு உள்ள உரிமை தொண்டனுக்கு உண்டா என்று இங்கே மறுப்பு எழும். சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறிகளைப் பிரித்து, தொண்டரின் தாச மார்க்கத்துக்கு அப்பரையும், தோழரின் சக மார்க்கத்துக்குச் சுந்தரரையும் அடையாளமாக வைக்கிறது. உளியேந்தியவர் உழவாரம் ஏந்திய அப்பரின் வரிசையில் வருகிறார், எனவே பணிந்து செய்வதே அவருக்கு முறை என்று வாதம் போகும்.

இதற்கு விடை திருவீழிமிழலையில் கிடைக்கிறது. பஞ்ச காலத்தில் அப்பரும் சம்பந்தரும் அங்கே தங்கி அடியார்களுக்கு அன்னமிட்டார்கள். செலவுக்கு இறைவன் நாள்தோறும் ஆளுக்கொரு பொற்காசு படியளந்தார். அப்பர் மடத்தில் பந்தி சீக்கிரம் நடந்தது. சம்பந்தர் மடத்தில் தாமதமாயிற்று. காரணம் விசாரித்தால், சம்பந்தரின் காசு மாற்றுக் குறைந்தது, கடைக்காரர்கள் வட்டம் பிடித்தார்கள், பேரம் பேசி அரிசி வாங்கி வர நேரமாயிற்று என்று தெரிந்தது. அப்பரின் காசுக்கு அந்தத் தள்ளுபடி இல்லை. ஏன்? அவர் கையால் தொண்டு செய்பவர் என்பதே பெரியபுராணம் தரும் விளக்கம். சம்பந்தர் வருத்தத்தை விழுங்கவில்லை. காசின் குறையைத் தீர்த்துத் தரச் சொல்லிப் பதிகம் பாடினார், அடுத்துக் கிடைத்தது நல்ல காசு.

"சாமி காரியத்துல கணக்கா" என்று கேட்பவர்கள் இந்தக் கதையைக் கேட்டிருக்கமாட்டார்கள், அல்லது கேட்டும் மறந்திருப்பார்கள். இதில் தெய்வமே படியளக்கிறது. காசின் மாற்று, கடையில் அதற்குப் போகும் விலை, சமையல் தாமதம் எல்லாம் பேசப்படுகின்றன. அதைவிட முக்கியம்: உடலுழைப்புத் தொண்டு செய்தவருக்கே உயர்ந்த காசு கிடைத்தது. தாச மார்க்கத்தார் குறைந்த கூலியோடு அமைதி காக்கவேண்டும் என்ற முடிவை இந்த மரபிலிருந்து பெறவே முடியாது. கீதையின் போதனையும் வேலை செய்பவரின் மனநிலையைப் பற்றியது. வேலை வாங்கியவர் கூலியை நிறுத்திவைக்கலாம் என்ற அனுமதியை யாரும் அதிலிருந்து வருவிக்கமுடியாது. பற்றற்றிரு என்பதைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் அது துறவு. பாக்கி வைத்திருப்பவர் சொன்னால் அதற்கு வேறு பெயர்.

கோயிலின் சுவர்களும் இதே பக்கம்தான் சாட்சி சொல்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டு கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களையும், ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்கு என்பதையும் வரிசையாகச் சொல்கிறது. நட்டுவர், பாடுவோர், கருவியிசைப்போர் முதல் தையற்காரர், நாவிதர் வரை பங்கு இன்னதென்று வெட்டப்பட்டிருக்கிறது. ஒருவர் இறந்தால் அல்லது ஊரைவிட்டுப் போனால் நெருங்கிய உறவினர் பங்கைப் பெற்று வேலையைச் செய்யவேண்டும், அவருக்குத் தகுதி இல்லாவிட்டால் தகுதியான வேறொருவரை அமர்த்தவேண்டும் என்ற விதியும் உண்டு. கோயிலை எடுத்த பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் அங்கே இருக்கிறது. கூலி எவ்வளவு என்பது புனிதத்தைக் கெடுக்கும் செய்தியாக அன்று தோன்றியிருந்தால் அதை விமானத்துக்குப் பக்கத்தில் வெட்டியிருக்கமாட்டார்கள். இன்று டியூப்லைட்டின் வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்கு அதன்மேல் உபயதாரர் பெயரை எழுதுகிறோம். சிலையை வடித்தவர் பெயர் எத்தனை கோயில்களில் தெரியும்?

கொங்கு நாட்டில் இன்னும் நேரடியான சான்று ஒன்று உண்டு. கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிலில், கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு வெளியான அரசாணை வெங்கால நாட்டுக் கண்மாளருக்குச் சில உரிமைகளைக் கொடுக்கிறது: நல்ல காரியத்துக்கும் துக்க காரியத்துக்கும் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். கல்தச்சரும் கொல்லரும் தட்டாரும் அடங்கிய கம்மாளர்கள்தாம் இந்தக் கண்மாளர். இவற்றை அரசன் ஆணையிட்டுக் கொடுக்கவேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் அவை மறுக்கப்பட்டிருந்தன என்று பொருள். யாரோ சிலர் போய்க் கேட்டிருக்கவும் வேண்டும். கேட்டவர்களின் பெயர் கல்லில் இல்லை. கோயில் கோபுரத்துக்குச் சுதை வேலை செய்தவர்கள் தங்கள் வீட்டுச் சுவரில் சாந்து பூச அனுமதி வாங்கவேண்டியிருந்த காலம் அது.

இரண்டாவது வாதமான திருவுருவத்தின் புனிதத்துக்கு ஆகமமும் சிற்ப மரபும் முன்பே ஓர் ஏற்பாடு செய்துவைத்திருக்கின்றன. கண் திறப்பு வரை சிலை கல்தான். அதன்மேல் காலை ஊன்றிக்கொண்டும் செதுக்குவார்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை. கண் திறக்கும் நாளில் ஸ்தபதி திரைக்குப் பின்னால் தங்க ஊசியால் விழியின் கோட்டைக் கீறுகிறார். திறந்த கண்ணுக்கு முதலில் கண்ணாடி, பசுவும் கன்றும், தானியம் போன்ற மங்கலப் பொருள்களைக் காட்டுகிறார்கள். அதன்பின் ஸ்தபதிக்கு மரியாதை செய்து அனுப்பிவைப்பது வழக்கம். பிரதிஷ்டை முடிந்தால், தன் கையால் உருவாக்கிய மூர்த்தியைத் தொட அவருக்கு உரிமை கிடையாது. மற்றவர்களைப்போல அர்த்தமண்டபத்துக்கு வெளியே நின்று கும்பிடவேண்டும். இது நியாயமா என்பது தனி வழக்கு. ஆனால் இந்த ஏற்பாட்டின் தர்க்கம் கவனிக்கத்தக்கது. பட்டறைக்கும் கருவறைக்கும் நடுவே மரபே ஒரு கோடு கிழித்திருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது தூசி, கூலி, நேரம், பேரம். அந்தப் பக்கம் போனபின் சிலைக்கு இவற்றோடு சம்பந்தம் இல்லை. அப்படியானால் பட்டறையைப் பற்றிப் பேசுவது கருவறையைத் தீண்டுவதாகாது. தச்சரை வெளியே நிறுத்தும்போது மட்டும் கோட்டைக் காட்டுவதும், அவர் குறை சொல்லும்போது கோடே இல்லாததுபோல நடந்துகொள்வதும் பொருந்தவில்லை. அரசுகூட இந்தக் கோட்டை அதன் வழியில் ஏற்றுக்கொண்டது: 2018 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சில் கல், பளிங்கு, மரத்தாலான தெய்வச் சிலைகளுக்கு வரி இல்லை என்று முடிவெடுத்தது. அதே கல்லில் அதே கை வடிக்கும் வள்ளுவருக்கும் யானைக்கும் வரி தொடர்ந்தது.

கருவறைக் கலைகளின் பின்கட்டைப் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு இசை உலகத்தில் உண்டு. மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற ஆங்கில நூல் 2020 தொடக்கத்தில் வெளியானது. மிருதங்கத்துக்குப் பசுத்தோல் வேண்டும் என்பதும், அதைப் பதப்படுத்தி மூட்டுபவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள் என்பதும் அந்த வட்டாரத்தில் தெரியாத செய்தி இல்லை. பேசாத செய்தி. நூல் வெளியீட்டுக்கு அரங்கம் தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. இந்த நிகழ்ச்சியில் இன்னொரு கேள்வியும் உள்ளது. பேசியவர் மேடையில் அமர்ந்து பாடும் புகழ்பெற்ற கலைஞர். மிருதங்கம் மூட்டுபவர் தாமே எழுந்து பேசியிருந்தால் தடை செய்யும் அளவுக்குக்கூட யாரும் அதைக் கவனித்திருப்பார்களா என்பது சந்தேகம். கல்தச்சருக்கும் இதே நிலைமைதான். அவர் சார்பில் பேச இதுவரை பெரிய பெயர்கள் கிடைக்கவில்லை.

சிற்பிகள் பேசி, அரசு கேட்ட இடமும் இருக்கிறது. ராஜஸ்தானின் சிரோஹி மாவட்டத்தில் உள்ள பிண்ட்வாரா, நாட்டின் பல கோயில்களுக்குக் கல் செதுக்கி அனுப்பும் ஊர். அங்கேயும் சுற்றியுள்ள கல்லுடைக்கும் பகுதிகளிலும் சிலிக்கோசிஸ் வந்த தொழிலாளர்களும் அவர்களுடைய சங்கங்களும் பல ஆண்டுகள் விடாமல் கேட்டதன் பின்னணியில், ராஜஸ்தான் அரசு 2019-இல் சிலிக்கோசிஸ் உள்ளிட்ட தூசி நுரையீரல் நோய்களுக்கெனத் தனிக் கொள்கை கொண்டுவந்தது. நோய் உறுதியானால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சம், அத்துடன் ஓய்வூதியம் என்பது அதன் சாரம். கோயில் வேலைக்கு அதனால் தட்டுப்பாடு வந்ததாகவோ, சிலைகளின் சான்னித்தியம் குறைந்ததாகவோ பேச்சில்லை. குறை என்று சொல்வதானால், அந்தக் கொள்கை நோய் வந்தபின் பணம் கொடுப்பதில் காட்டிய வேகம் தூசியைத் தடுப்பதில் இல்லை.

சிற்பிகளின் முறையீடு வெளியே நோக்கி மட்டும் இருந்தால் பாதிதான் சொன்னதாகும். உள்ளேயே பேசவேண்டியவை இருக்கின்றன. இயந்திரத்தில் குடைந்த சிலையைக் கைவேலை என்று விற்பது அவற்றில் ஒன்று. கற்க வந்த பையனை வருடக்கணக்கில் கல் புரட்டவும் உளி தீட்டவும் மட்டும் வைத்திருப்பது இன்னொன்று. வீட்டில் பெண்கள் காவிக்கோடும் கணக்கும் அறிந்திருந்தும் உளி அவர்கள் கைக்குப் போகாத வழக்கம் மூன்றாவது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, விசுவகர்ம மரபில் பிறந்தவருக்கே இந்த வேலை உரியதா என்ற கேள்வி. சொந்தப் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள் என்று வருந்துபவர், அடுத்த வீட்டுப் பிள்ளையை உட்கார்த்திச் சொல்லிக்கொடுக்கத் தயங்கினால் அந்த வருத்தத்தின் எடை குறைந்துவிடும்.

அரசியலிலும் இந்தக் கேள்வி வெளிப்படையாகவே வந்தது. ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் சிற்பமும் ஒன்று. குடும்பத் தொழிலாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை சாதித் தொழிலை நிலைநிறுத்தும் என்று சொல்லித் தமிழ்நாடு அரசு அதை ஏற்கவில்லை. குறைந்தபட்ச வயது வரம்பை 35 ஆக உயர்த்தவும் கேட்டது. பிறப்பை நிபந்தனையாக்காத கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. வாதத்தில் மாநில அரசின் பக்கம் நியாயம் இருக்கிறது. இளம் வயதில் பையன்கள் படிப்பை விட்டுக் குலத்தொழிலில் இறங்கிவிடக்கூடாது என்பதற்காக வைத்த வயது எல்லை அது. ஆனால் கல் வேலையில் கை பழகும் வயது 35-க்கு வெகு முன்பே வந்துவிடும், தூசி உள்ளே போகத் தொடங்குவதும் அப்போதுதான். கடனுதவி வருவதற்கு முன் உள்ள அந்த வருடங்களில் படிப்பைக் கெடுக்காமல் பயிற்சி தருவது யார் பொறுப்பு என்பதை இரண்டு திட்டங்களும் தொடவில்லை.

ஒரு பதில் பல காலமாகவே இருக்கிறது. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு கட்டடக் கலை மற்றும் சிற்பக் கலைக் கல்லூரி, பட்டறையில் தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பாடத்திட்டமாக்கி, விண்ணப்பித்துச் சேர்பவர்களுக்குக் கற்பித்து வருகிறது. கொங்கு வட்டாரத்தில் அப்படியொரு கல்வி நிலையம் இல்லை. பூண்டியின் பட்டறைகள்தாம் இங்கே பள்ளிக்கூடம். அங்கே யாரைச் சேர்ப்பது, கட்டருக்குத் தண்ணீர்க்குழாய் வைப்பதா, பாக்கி தராத குழுவுக்கு அடுத்த சிலையைச் செய்வதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஸ்தபதிகள் கையில்தான் இருக்கிறது. கூலியை ஒரு பட்டறை மட்டும் உயர்த்திக் கேட்டால் ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போகும். எல்லாப் பட்டறைகளும் ஒன்றாகப் பேசி விலையையும் அச்சாரத்தையும் எழுத்தில் வைத்தால் போக இடமில்லை. பனியன் தொழிலில் முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடும் வழக்கம் பூண்டிக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது.